தாளில் இல்லாத வரிகள்

அண்ணா, இன்றைக்கு விரிப்பு மடிக்கும்போது கடைசி மடிப்பில் அம்மா தன் கையிலிருந்த முனைகளை விடவில்லை. எங்கள் வேலை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உதறி, நடந்து வந்து சேர்ந்து, விலகி, மறுபடி சேர்ந்து, மூன்றாவது முறை சேரும்போது அம்மா தன் முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த விரிப்புக்குக் குனிந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தை விட்டு நான் அங்கே சேர்ந்த இரண்டு வருடத்தில் அது ஒரு நாளும் தவறியதில்லை. இன்று அவள் கொடுக்கவில்லை. பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். என்னம்மா என்றதற்கு, ‘ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்கு லெட்டர் எழுதணும்’ என்றாள். அவள் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் தாள் அவள் கண்ணெதிரே கிடந்தாலும் பயமில்லை.

போன வருடம் நீ ஒரு கடிதத்தில், இங்கே வந்த பிறகு நான் பிரார்த்தனை செய்வதில்லை, கேட்பதற்கு அங்கே யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அம்மாவிடம் மெதுவாகச் சொல் என்று எழுதியிருந்தாய். மெதுவாகச் சொல் என்று போயும் போயும் என்னிடம் சொன்னாய். எனக்கு எதையும் வேகமாகவே சொல்ல வராது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் திக்குகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள் என்றுதானே பள்ளிக்கூடத்தையே விட்டேன். அந்த இடம் வந்ததும், தினமும் பிரார்த்தனை செய்கிறேன் அம்மா என்று வாசித்துவிட்டேன். உனக்கு, அம்மா கேட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரி நானே சேர்க்க வேண்டியதாயிற்று. போனில் நீ ‘சரிம்மா’ என்பதும் அவள் ‘என்னது, கேக்கல’ என்பதும் தவிர வேறு பேச்சு இல்லாததால் இதுவரை தப்பித்தேன். அவள் அந்த வரிகளை வாராவாரம் பிரார்த்தனைக் கூடத்தில் எழுந்து நின்று சொல்கிறாள். ‘எழுந்ததும் என் பாதம் தரையில் படுவதற்கு முன் முழங்கால் படுகிறது’ என்று நான் சொன்னதை, புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் சுவரில் பெரிய எழுத்தில் வெளிச்சம் போட்டுக் காட்டினார். அடுத்த மாதம் நீ விடுப்பில் வரும்போது உன்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவைக்கப் போகிறார்களாம். போன கடிதத்தில் நீ அந்த முதியோர் இல்லத்து அம்மாளிடம் சொல்லும் பொய்யைப் பற்றி ‘இது தப்பா’ என்று கேட்டிருந்ததை, ‘கடவுளுக்கு முன்னால் இது பாவமா’ என்று வாசித்ததும் நான்தான். அம்மா போதகரிடம் போனது அதனால்தான். வந்தால் நீ என்ன சொல்வாய்? நான் என்ன செய்யட்டும்? அம்மா வருகிறாள்.

என் அன்பு மகனுக்கு, அம்மா சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் படுக்கப் போகிறேன், அந்த நினைப்பைக் கெடுக்காமல் இரு. உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது, பன்னிரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் உங்கப்பா சிரிப்பார், ஆனாலும் எழுதச் சொல்கிறேன். ஏன் கண்ணா, அம்மாவுக்கு எழுதுகிற பிள்ளை மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, செருப்பு அறுந்துவிட்டது என்று எழுத மாட்டானா? நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஞாபகம் தப்பிய ஒரு அம்மாள் இருக்கிறார், சாயங்காலம் ஆனால் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அவர் இன்னும் வரவில்லையா என்று புருஷனைப் பற்றிக் கேட்கிறார், அந்த மனிதர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது, முதல் வாரம் நீ உண்மையைச் சொன்னாய், அப்போதுதான் செய்தி வந்ததுபோல அழுதார், மறுநாள் மறந்து மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாய், மறுபடி அழுதார், இப்போது வந்துகொண்டே இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறாய், ஒரு சாயங்காலத்துக்குப் பத்து தடவை, இது பாவமா என்று அம்மாவைக் கேட்டுச் சொல் என்று எழுதியிருக்கிறாய். நீ படித்த படிப்புக்கு அங்கே கேட்க ஆள் இல்லையா? பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காத என்னை எதற்கு இழுத்தாய்? கேட்டுவிட்டாய், இனி என்னால் சும்மா இருக்க முடியுமா?

முதலில் உங்கப்பாவைக் கேட்டேன். அவர் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், ‘இதுல என்ன பாவம், நாளைக்கு வாங்கன்னு சொல்ற மாதிரிதானே’ என்றார். முப்பது வருடமாக நாளைக்குக் கண்டிப்பாகத் தருகிறேன் என்று சொல்லியே தொழில் நடத்துகிறவரிடம் போய்ப் பொய்யைப் பற்றிக் கேட்டது என் புத்தி. அன்றைக்கும் ஒரு மனிதர் தன் கால்சட்டைக்காக நான்காவது தடவை வந்து நின்றுகொண்டிருந்தார், ‘அவரு சொல்றது சரிதாம்மா, நானும் அந்த அம்மா மாதிரிதான் தெனம் வந்து ஒக்காந்திருக்கேன்’ என்றார். உங்கப்பாவுக்கு அதுவும் உறைக்கவில்லை. அவருக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற ஊசி வளைந்ததுதான் கவலை.

சரி, நம் மேற்பார்வை அக்காவைக் கேட்போம், ஆஸ்பத்திரியில் இருபது வருடம் இருந்தவள் என்று கேட்டேன். அவள் கறை பட்ட விரிப்புகளை வேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே, ‘நோயாளிக்குச் சொல்றது பொய்யில்லடி, மருந்து’ என்றாள். அது எனக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது, இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் யோசித்தேன், மருந்து என்றால் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று எழுதிக் கொடுக்க ஒருத்தர் வேண்டும், அதிகமாகப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். இதை யார் அளந்து கொடுப்பது என்று கேட்டேன். ‘உனக்குப் பதில் சொல்றதுக்கு நாலு மிஷினுக்குத் துணி போட்டுடலாம்’ என்று போய்விட்டாள்.

அப்புறம்தான் போதகரிடம் போனேன். நல்ல பிள்ளைதான், உன் வயதுதான் இருக்கும், யாரைப் பார்த்தாலும் பெயர் சொல்லி விசாரிப்பார். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பாதி சொல்லும்போதே, ‘பொய் பொய்தாம்மா, அதுல சின்னது பெரிசு கிடையாது, உண்மையைச் சொல்லிட்டு மிச்சத்தைக் கடவுள்கிட்ட விட்டுடச் சொல்லுங்க’ என்றார். மிச்சம் என்பது என்ன தெரியுமா, அந்த அம்மாளின் அழுகைதான் மிச்சம். அது கடவுளிடமா போகிறது? உன் மடியில்தான் வந்து விழுகிறது. நான் கேட்டேன், நீங்கள் ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள், பத்து தடவை வேண்டாம், இரண்டு தடவை சொல்லுங்கள், அப்புறம் பேசலாம் என்று. அவர் சிரித்துவிட்டு, ‘உங்க பையன் மாதிரி விசுவாசம் உள்ளவங்களுக்கு அந்தப் பலம் வரும்மா’ என்றார். பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்தக் கோபம் அவர் மேலா வேறு யார் மேலாவதா என்பதை அப்புறம் சொல்கிறேன்.

(அண்ணா, அம்மா குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருக்கிறாள். இவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பேசி நான் பார்த்ததில்லை. கை வலிக்கிறது. கடைசியில் அவள் ‘வேறு யார் மேலாவதா’ என்றதை எழுதும்போது கை வியர்த்துத் தாள் ஈரமாகிவிட்டது. வருகிறாள்.)

நான் இத்தனை பேரைக் கேட்டு வந்து சேர்ந்த இடம் இதுதான், சரியோ தப்போ இதை வைத்துக்கொள். அந்த அம்மாளுக்கு நீ சொல்லும் பொய் ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும். உண்மையும் மறந்துவிடும். இரண்டையும் அவரால் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ள முடியாத ஒருத்தர் கையில் தினமும் தூக்கிக் கொடுத்து, கீழே போட்டுவிட்டார் என்று தினமும் அழவைப்பது எந்தக் கடவுளுக்கு வேண்டும்? அப்படி ஒரு கடவுள் கேட்டால் அவர் எனக்கு வேண்டாம். ஆனால் அதற்காக வந்துகொண்டே இருக்கிறார் என்று வாய் கூசாமல் சொல்லவும் பழகாதே. அவர் மறந்துவிடுவார், உன் வாய் மறக்காது. அதற்குப் பதிலாக அவரிடம் கேள். உங்க வீட்டுக்காரர் எந்த நேரத்துக்கு வருவார், என்ன சட்டை போட்டுக்கொண்டு போனார், வந்ததும் முதலில் என்ன கேட்பார் என்று கேள். புருஷனைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் எந்தப் பெண்ணும் ஒரு மணி நேரம் கதவைப் பார்க்க மாட்டாள், நான் உங்கப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தெரியாதா? இதைக்கூட நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, நீ அங்கே சான்றிதழ் வாங்கியிருக்கிறாயாம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. அடியே, நிறுத்தாமல் எழுது. உன் கடிதத்தை உன் தங்கை எனக்கு வாசிக்கும்போது நான் தாளைப் பார்ப்பதில்லை, தாளைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது, இவள் முகத்தைப் பார்ப்பேன். வாசிக்கும்போது இவள் கண் எறும்பு போகிற மாதிரி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும். பிரார்த்தனை என்று வருகிற இடத்தில் மட்டும் அந்த எறும்பு நின்றுவிடும். கண் தாளிலேயே இருக்காது, சுவர்க் கடிகாரத்தில் இருக்கும், குரல் மட்டும் நன்றாக வரும், வேறெங்கும் திக்குகிறவள் அந்த இடத்தில் திக்கவே மாட்டாள். முதல் தடவை ஏதோ என்று விட்டேன். அப்புறம் ஒரு நாள் முழங்கால் வரியை மறுபடி வாசிக்கச் சொன்னேன், அந்த வரி வேறு மாதிரி வந்தது, தாளில் இருப்பது எப்படி இரண்டு மாதிரி வரும்? எட்டு மாதமாக எனக்குத் தெரியும். இவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதுடி என்கிறேன். அழுதுகொண்டே எழுதினாலும் பரவாயில்லை, எழுத்து புரிந்தால் போதும்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று நீ கேட்பாய். அந்த வரிகள் எனக்குப் பிடித்திருந்தன, அதுதான் காரணம், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூடத்தில் நான் எழுந்து நின்றால் முன்னாலெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், சலவைக்காரி என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று குழந்தைகளைத் தட்டிக்கொண்டு இருப்பார்கள். இந்த வரிகளைச் சொன்ன பிறகு எனக்கு முன்வரிசையில் இடம் போட்டார்கள். பொய் என்று தெரிந்த பிறகும் எட்டு மாதம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன், எழுந்து நின்று சொன்னேன். உன்னைப் போல விசுவாசம் என்று போதகர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் என் மேல்தான். அந்த அம்மாளிடம் நீ சொன்ன பொய்யையாவது யாரும் சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டவில்லை.

ஆனால் உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அது தனி. நான் என்ன ஞாபகம் தப்பினவளா? சொன்னால் அழுதுவிட்டு மறுநாள் மறந்துபோய் மறுபடி கேட்கப் போகிறேனா? அந்த அம்மாளுக்கு மறைப்பதில் ஒரு இரக்கம் இருக்கிறது, அவர் ஒன்றையும் தாங்க முடியாதவர். என்னைப் பார்த்தால் தாங்க முடியாதவள் போலவா இருக்கிறது? ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிறவள். உனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து ஊசி போட்டபோது வலிக்கவே வலிக்காது கண்ணா என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை நீ. மூன்றாம் நாள் வந்து, ‘வலிக்கும்னு சொல்லியிருந்தா நான் ரெடியா இருந்திருப்பேன்ல’ என்றாய். அன்றிலிருந்து நான் உனக்கு வலிக்காது என்று எதையும் சொன்னதில்லை. எனக்கும் அதேதான். நீங்கள் சொல்லியிருந்தால் நானும் ரெடியாக இருந்திருப்பேன்.

நீ அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. கடவுளைத் திட்டி எழுதியிருக்கலாம், என்னைத் திட்டி எழுதியிருக்கலாம், ஒன்றுமே எழுதாமலும் விட்டிருக்கலாம். எதுவானாலும் அது என் பிள்ளை எழுதியது, இவள் சேர்த்த வரியைவிட எனக்கு அதுதான் உறவு. நீ பிரார்த்தனை செய்யவில்லை என்றால் நான் ஒன்றும் தூக்கு மாட்டிக்கொள்ளப் போவதில்லை, உனக்கும் சேர்த்து நான் செய்துவிட்டுப் போகிறேன், அதற்கு உன் அனுமதி தேவையில்லை. சண்டை போடுவேன், அது வேறு. வரும் வாரம் கூடத்தில் எழுந்து, என் மகன் வந்து பேச மாட்டான், நான் சொன்னதெல்லாம் அவன் சொன்னதில்லை என்று சொல்லப் போகிறேன். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, முன்வரிசை போகும், போகட்டும், பின்னால் உட்கார்ந்தால் மின்விசிறியாவது கிடைக்கும். போதகர் கேட்டால், மிச்சத்தைக் கடவுளிடம் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

தங்கையைத் திட்டி எழுதாதே. நான் திட்டுகிற திட்டே இவளுக்கு ஒரு வருடம் தாங்கும். பயந்த பிள்ளை, வாய் திறக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு சபையே வாய் பிளந்து கேட்கிற மாதிரி வரிகளை ஜோடிக்கத் தெரிந்திருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய் உபயோகித்தாள் பார். மறுபடி படிக்கப் போகிறாயா என்று இன்று காலையில் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். அதை அப்புறம் பார்க்கலாம்.

கண்ணா, நீ நன்றாக இரு, நீ தொட்டுத் தூக்குகிறவர்கள் எல்லோரும் உன் கையில் சுகமாக இருக்கட்டும், நீ நம்புகிறாயோ இல்லையோ என் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கும், அதை நீ இறக்கி வைக்க முடியாது. தலையணை உறையை வாரத்துக்கு ஒரு தடவை மாற்று, வெந்நீரில் போடு, போன தடவை நீ கொண்டுவந்த உறையைப் பார்த்து எனக்கு வாந்தி வந்தது. விடுப்புக்கு வரும்போது அந்த அம்மாள் தன் புருஷனைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
அம்மா

அண்ணா, மேலே உள்ள அந்த ஒரு சொல்லை மட்டும் வழக்கம்போல அவளே பேனாவை வாங்கி எழுதினாள், அது ஒன்றுதான் அவளுக்கு எழுதத் தெரியும். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என் கையில் கொடுத்தாள். நான் தாளை மடிக்கப் போனேன். ‘மடிக்காத’ என்றாள். ‘நான் வந்து ஒக்கார்றதுக்கு முன்னாடியே ஒரு பக்கம் எழுதி வச்சிருந்தியே, அதுலேர்ந்து வாசி. கடிகாரத்தப் பாக்காத.’ உள்ளே மிஷின் சத்தம் நின்றிருந்தது, அப்பாவும் கேட்கிறார் என்று தெரிந்தது. நான் முதல் தாளை எடுத்து, முதல் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, அண்ணா, இன்றைக்கு விரிப்பு மடிக்கும்போது என்று வாசிக்க ஆரம்பித்தேன்.